பிப்பின் கை, ஜோவின் கை: ஒரு நாவலில் திரும்பத் திரும்ப வருவதைப் பின்தொடர்வது எப்படி

சென்னிமலையில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தறிக்குழி. பெட்ஷீட் தறியில் கயிறு இழுத்து இழுத்து அப்பாவின் வலது உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். ஈரோட்டில் கல்லூரியில் சேர்க்க அவர் கூட வந்த அன்று, யாரும் அந்தக் கையைப் பார்த்துவிடக் கூடாதென்று நான் நாலடி தள்ளியே நின்றேன். அடுத்த வருஷம் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1861) பாடமாக வந்தது. எட்டாம் அத்தியாயத்தில், சீட்டாடும்போது பணக்கார வீட்டில் வளரும் எஸ்டெல்லா, கொல்லர் வீட்டில் வளரும் சிறுவன் பிப்பின் கை முரடென்று ஏளனம் செய்கிறாள். அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை.

இப்போது அதே நாவலை நான் நடத்துகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்.

முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே கை. அது வரும்போதெல்லாம் நோட்டில் அத்தியாய எண், யாருடைய கை, அது அடுத்தவரை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

என் நோட்டில் அத்தியாயம் 2: பிப்பின் அக்கா அவனைக் 'கையால் வளர்த்தவள்'. ஆங்கிலத்தில் அதற்குத் தாய்ப்பால் இல்லாமல் வளர்த்தது என்று பொருள். அடி வாங்கிய பிப்புக்கு வேறு பொருள். 18: அக்காவின் கணவர், கொல்லர் ஜோ, பிப்பின் தோளில் கை வைக்கிறார். ஆளை நசுக்கவும் முட்டையோட்டைத் தட்டிக்கொடுக்கவும் தெரிந்த நீராவிச் சம்மட்டி போன்ற கை. (ஓரத்தில் பென்சிலில், 'அறுந்த பாவு நூலைப் பிணைக்கும்போது அப்பா' என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிக்கொள்ளுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.) 26: வக்கீல் ஜாகர்ஸ் கட்சிக்காரர்களைத் தன் கையிலிருந்து வாசனை சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறார், அன்றிரவே வேலைக்காரி மோலியின் மணிக்கட்டைப் பிடித்துத் தழும்பை விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் 'கை வர்க்கத்தைக் குறிக்கிறது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். முடிக்காதீர்கள். அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவராத வரி நோட்டில் எது என்று தேடுங்கள். அக்காவும் கொல்லர் வீட்டுக்காரிதான், அவள் கை அடிக்கிறது. 48-ஆம் அத்தியாயம் இன்னும் பெரிய சிக்கல். மோலியின் விரல்கள் அசைவதைப் பார்க்கும் பிப்புக்கு, எஸ்டெல்லா ஊசியால் நூல் பின்னிய விரல்கள் நினைவுக்கு வருகின்றன. ஏளனம் செய்த அந்த நாசூக்கான கை, கொலை வழக்கில் நின்ற ஒருத்தியின் மகளுடையது. வர்க்கம் என்ற விளக்கம் இங்கே உடைகிறது. உடைந்த இடத்தில்தான் கருப்பொருள் கிடைக்கும்: உழைப்பேறிய கையென்று பிப் வெட்கப்பட்டான், நாவலோ ஒவ்வொரு கையையும் அது இன்னொருவரை எப்படித் தொடுகிறது என்பதை வைத்தே அளக்கிறது. முழு வாக்கியமாக எழுத வராத கருப்பொருள் இன்னும் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையை எட்டாம் அத்தியாயத்தில் தொடங்க வேண்டாம், அது இரண்டாம் பத்தியில் வரட்டும். 39-இல் கைதி மாக்விட்ச் இரு கைகளையும் நீட்டி வருகிறான், பிப் கூசிப் பின்வாங்குகிறான். 56-இல் அதே மாக்விட்ச் சாகக் கிடக்கிறான், அவன் கை பிப்பின் கைக்குள் இருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே விரித்து வைத்துக்கொண்டு முதல் வரியை எழுதுங்கள்.