உங்கள் காரின் எஞ்சின் சாய்ந்து நிற்கிறதா? நீங்களே அளந்து பார்க்கும் முறை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் தம்பி போன மாதம் பாவித்த கார் ஒன்றை வாங்கினான். வாங்கி மூன்றாம் நாள் இரவு வந்து கதவைத் தட்டினான். "அண்ணா, ஒருக்கா வந்து பாருங்கோ. எஞ்சின் சரிஞ்சு நிக்குது. மவுண்ட் போட்டுது, மாத்த வேணும் எண்டு கராஜில சொல்லுறாங்கள்."

மவுண்ட் என்பது எஞ்சினைத் தாங்கும் ரப்பர். போய்ப் பொனட்டைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சின் பின்பக்கமாகச் சாய்ந்துதான் நின்றது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அப்படிப் பூட்டப்பட்ட எஞ்சின்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய வலி ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் இதே காரணத்தைச் சொல்லி ஒரு கராஜில் என் காருக்கு இரண்டு மவுண்ட் மாற்றினார்கள். காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் எஞ்சின் பழைய சாய்விலேயே நின்றது. அன்று எனக்கு அளக்கத் தெரியாது. உங்களுக்கும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தேவையானவை: ஒரு போன், ஒரு டோர்ச், பிள்ளைகளின் கொப்பிப் பையிலிருந்து 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று.

படி 1: அடிமட்டத்தை மேசையில் நிறுத்துங்கள்

காருக்குப் போக முன் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பாதி விஷயம் இதிலேயே விளங்கிவிடும்.

அடிமட்டத்தை நட்டுக்கு நிறுத்தினால் உயரம் 30 சென்ரிமீற்றர். அடியை அசைக்காமல் 10 பாகை சாயுங்கள். உச்சி பக்கவாட்டில் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். உயரம் எவ்வளவு குறைந்தது? அரை சென்ரிமீற்றர்தான். இப்போது 30 பாகை சாயுங்கள். உயரம் 26 ஆகிறது. 45 பாகையில் 21.

இதே கணக்கை 65 சென்ரிமீற்றர் உயரமான எஞ்சினுக்குப் போட்டுப் பாருங்கள். 10 பாகை சாய்த்தால் உயரம் ஒரு சென்ரிமீற்றர்தான் குறையும், ஆனால் எஞ்சினின் தலை 11 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். அந்த 11 சென்ரிமீற்றரில் காற்றுக் குழாய்கள் அடங்கும், அல்லது ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆகவே சின்னச் சாய்வு என்றால் பெரும்பாலும் பக்கத்தில் இடம் பிடிப்பதற்காக. பெரிய சாய்வு என்றால் உயரத்தைக் குறைப்பதற்காக. சாய்ந்த எஞ்சின் அகலத்தில் கூடுதல் இடம் கேட்கும் என்பதால் உயரக் கணக்கு அச்சொட்டாக வராது. ஆனாலும் போக்கு இதுதான்.

படி 2: காரை நிறுத்துங்கள், எஞ்சின் ஆறட்டும்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நின்று அளக்க வேண்டாம். முடிந்தவரை மட்டமான தரையாகப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஓடிவந்த எஞ்சின் ஒரு மணித்தியாலமாவது ஆறட்டும்.

கொழும்பில் இப்போது அக்குவாவும் பிரியஸும் வெசலும்தான் எங்கும். அப்படி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை வடிவாகக் கவனியுங்கள்: கார் 'ரெடி' நிலையில் இருந்தால் எஞ்சின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். பவரை முழுதாக நிறுத்தி, சாவியைக் காரிலிருந்து தூரத்தில் வையுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். ஹைபிரிட் இல்லாத கார்களிலும் சூடு இருக்கும்போது ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம். ஆறவிடச் சொல்வது அதற்காகவும்தான்.

படி 3: எஞ்சின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி அநேகமாக இழுத்தால் கழன்று வரும். அதன் கீழே ஸ்பார்க் பிளக்குகளுக்கு மேல் கறுப்புக் கொயில்கள் ஒரு வரிசையாகத் தெரியும். வரிசை இடமிருந்து வலமாகப் போனால் எஞ்சின் குறுக்காகப் பூட்டப்பட்டிருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். இவற்றில் சாய்வு முன்னுக்கோ பின்னுக்கோ இருக்கும். வரிசை முன்னிருந்து பின்னாகப் போனால் எஞ்சின் நெடுக்காக நிற்கிறது, சாய்வு இடமோ வலமோ இருக்கும்.

படி 4: அளவு எடுங்கள்

மேல்மூடியின் மேல் போனை வைத்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரிவராது. அந்த மூடி அழகுக்குச் செய்தது, எந்தக் கோணத்திலும் இருக்கலாம். நம்பக்கூடியது ஒரு கோடுதான்: எஞ்சினின் ஹெட்டும் (மேல் பாகம்) புளொக்கும் (கீழ்ப் பாகம்) பொருந்தும் இடம். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய பேக்கிங்கின் ஓரம் நேர்கோடாகத் தெரியும். பெல்ட் இருக்கும் பக்கத்தில் மூடிகள் மறைக்கும், ஆகவே கியர்பெட்டிப் பக்கமாக டோர்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் திசைக்கு இந்தக் கோடு செங்குத்து. எஞ்சின் நேராக நின்றால் கோடு மட்டமாக இருக்கும், எஞ்சின் 10 பாகை சாய்ந்தால் கோடும் 10 பாகை சாயும்.

போனில் ரசமட்டம் காட்டும் செயலியைத் திறந்து, போனின் விளிம்பை அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். வரும் எண்ணை எழுதி வையுங்கள்.

பிறகு காரைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். தரை சரிவாக இருந்தால் ஒரு முறை கூடுதலாகவும் மறு முறை குறைவாகவும் காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தரையின் சரிவு கழிந்துவிடும். தம்பியின் காரில் முதலில் 13 பாகை வந்தது, திருப்பி நிறுத்தியபோது 9. ஆகவே எஞ்சினின் சாய்வு 11.

படி 5: இது மவுண்ட் பழுதா, வடிவமைப்பா?

மவுண்ட் என்பது எஞ்சினைத் தாங்கும் ரப்பர். மவுண்ட் ரப்பர் நைந்துபோய் எஞ்சினின் ஒரு பக்கம் 10 மில்லிமீற்றர் இறங்கிவிட்டது என்று வைப்போம். அதுவே பெரிய இறக்கம். மவுண்டுகளுக்கு இடையே 60 சென்ரிமீற்றர் தூரம் என்றால் அதனால் வரும் சாய்வு ஒரு பாகைதான். 11 பாகை சாய வேண்டுமானால் ஒரு பக்கம் 11 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். அவ்வளவு இறங்கினால் குழாய்கள் அறுந்துபோகும், கார் ஓடவே ஓடாது.

சாய்வை வைத்து மவுண்ட் பழுது என்று சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். மவுண்டின் பழுது வேறு விதமாகத் தெரியும். சிக்னலில் கியரில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். கியர் மாற்றும்போது 'டக்' என்று ஒரு இடி கேட்கும். ரப்பரில் வெடிப்பு இருக்கும், அல்லது ஒயில் ஊறியிருக்கும். இவை இருந்தால் மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பாவித்த மவுண்ட் வாங்குவதானால் ரப்பரை விரலால் அமத்திப் பாருங்கள். கல்லுப்போல் இறுகியிருந்தால் வேண்டாம்.

படி 6: உங்கள் எண் என்ன சொல்கிறது?

10 பாகையை அண்டிய பின்சாய்வு குறுக்கு எஞ்சின்களில் சாதாரணம். ஃபோக்ஸ்வாகன் 2012இல் கொண்டுவந்த, பல கார் மாடல்களுக்கும் பொதுவான அடித்தளத்தில் பெற்றோல், டீசல் எஞ்சின்கள் எல்லாமே 12 பாகை பின்னுக்குச் சாய்த்துப் பூட்டப்பட்டன. எல்லா எஞ்சினும் ஒரே சாய்வில் நின்றால் கியர்பெட்டி, புகைக்குழாய் இணைப்புகளை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வைக்கலாம்.

30 பாகைக்குப் பேர்போனது கிறைஸ்லரின் ஆறு சிலிண்டர் எஞ்சின். 1960ஆம் ஆண்டு மாடலான வாலியன்ட் காருக்காகச் செய்தார்கள். பொனட் தாழ்ந்தது. சாய்வால் கிடைத்த பக்க இடத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீளமான காற்றுக் குழாய் வைத்தார்கள். தண்ணீர்ப் பம்பையும் எஞ்சினின் முகப்பிலிருந்து பக்கத்துக்கு மாற்றி நீளத்தையும் குறைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. சாய்த்ததால் மிஞ்சிய இடத்தில் ஒரு விரற்கடையையும் வீணாக்கவில்லை. பெஜோ 404இல் 45 பாகை. பழைய கார் பிரியர் யாரிடமாவது அது இருந்தால் பொனட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எஞ்சின் பாதி படுத்திருக்கும்.

அதற்கும் மேலே போனால் டொயோட்டாவின் முதல் எஸ்டிமா, 1990இல் வந்தது. முன்சீற்றுக்கு அடியில் எஞ்சின், 75 பாகை சாய்வு. அங்கே நிறுத்தி வைக்க உயரமே இல்லை. மெர்சிடிஸ் 1997இல் விட்ட ஏ கிளாஸில் 59 பாகை, காரணம் வேறு. நேருக்கு நேர் மோதினால் எஞ்சின் ஆட்களின் கால்மாட்டுக்குள் வராமல் காரின் தளத்துக்கு அடியில் வழுக்கிப் போகட்டும் என்று அப்படி வைத்தார்கள்.

நெடுக்கு எஞ்சின் உள்ள, பின்சக்கரம் தள்ளும் வாகனங்களில் இன்னொரு சிறு சாய்வும் இருக்கும். எஞ்சினின் மூக்கு சில பாகை மேலே தூக்கியிருக்கும். பின்னால் தாழ்ந்திருக்கும் டிஃபரன்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பெட்டியிலிருந்து பின்னுக்குப் போகும் நீளத் தண்டு) கூடிய கோணத்தில் மடங்காமல் போவதற்காக அது. அதையும் பழுது என்று எண்ண வேண்டாம்.

"சாய்ந்தால் பிஸ்டன் ஒரு பக்கம் தேயாதா?"

தம்பியும் இதைத்தான் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். 300 கிராம் பிஸ்டன் ஒன்றை 30 பாகை சாய்த்தால் சிலிண்டர் சுவரில் அழுந்தும் பாரம் 150 கிராம். ஆனால் பெற்றோல் எரியும்போது 80 மில்லிமீற்றர் பிஸ்டனின் தலையில் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் இறங்கலாம். பிஸ்டனோடு பூட்டிய இணைப்புத் தண்டு சரிவாக நிற்பதால் அதில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பங்கு சுவர்ப் பக்கம் தள்ளும். நேராக நிற்கும் எஞ்சினிலும் இது உண்டு. இதற்கு முன்னால் 150 கிராம் ஒன்றுமே இல்லை. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சிலிண்டர்கள் முழுதாகவே படுத்திருப்பவை, இன்றைக்கும் கொழும்பில் ஓடுகின்றன.

படி 7: சாய்ந்த எஞ்சினில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒயில் அளவை எப்போதும் மட்டமான தரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். சம்பும் (ஒயில் தேங்கும் அடித்தட்டு) டிப்ஸ்டிக்கும் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) அந்தச் சாய்வுக்கே கணக்குப் பண்ணிச் செய்தவை. அதற்கு மேல் ரோட்டின் சரிவும் சேர்ந்தால் அளவு பிழைக்கும்.

கூலன்ட் மாற்றிய பிறகு காற்று ஒரு மேட்டில் தங்கி நிற்கும். காற்று எடுக்கும் திருகாணி எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பார்த்து, அந்த ஒழுங்கில் செய்விக்கச் சொல்லுங்கள்.

ஹெட்டை மேலே மூடும் டப்பட் கவரின் தாழ்ந்த பக்க ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒயில் அந்தப் பக்கமாகத்தான் தேங்கும், பேக்கிங் இறுகினால் முதலில் அங்கேதான் கசியும். எஞ்சின் பின்னுக்குச் சாய்ந்து புகைக்குழாயும் பின்னால் இருந்தால், கசியும் ஒயில் நேரே சூட்டில் விழுந்து எரியும். சிக்னலில் நிற்கும்போது காருக்குள் கருகல் மணம் வரும்.

தம்பியின் காரில் நான் கண்டது இதைத்தான். மவுண்ட் ரப்பர்கள் நன்றாக இருந்தன. டப்பட் கவரின் பின் ஓரம் ஈரமாக இருந்தது. "சிக்னலில நிக்கேக்க ஒரு மணம் வாறதுதான் அண்ணா" என்றான். அடுத்த சனிக்கிழமை பேக்கிங்கை மட்டும் மாற்றினோம். மணம் நின்றுவிட்டது. எஞ்சின் இன்றைக்கும் 11 பாகையில்தான் நிற்கிறது.