நாய் வளர்க்கும் வீட்டில் செயற்கைப் புல் பதிக்கும் முறை

செயற்கைப் புல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரரிடம் ஓர் அடிச் சதுரத்தில் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, வெயில் நேராக விழும் இடத்தில் பிற்பகல் 2 மணிக்கு அரை மணி நேரம் போட்டுவைத்து, அதன்மேல் புறங்கையை அழுத்திப் பாருங்கள். 5 விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. உண்மையான புல் வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பாலிஎத்திலீன் நாருக்கு அந்த வழி இல்லாததால், நம் கோடையில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். தண்ணீர் தெளித்தால் குறையும் சூடு சிறிது நேரத்திலேயே திரும்பிவிடும். ஆகவே மர நிழலோ பச்சை நிழல்வலையோ இல்லாத முற்றத்தில் புல் பதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நிழல் இருக்கிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது மூத்திரம் எங்கே போகும் என்பது. எங்கள் வீட்டில் முதல் முறை சிமென்ட் தளத்தின் மேலேயே ரோலை விரித்துப் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். இரண்டே வாரத்தில் கொல்லைக் கதவைத் திறந்தால் கண் எரிந்தது. ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒரு மூலையைப் பெயர்த்துப் பார்த்தபோது, அடியில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்கு வழவழப்பான கறுப்புப் பாசி படிந்திருந்தது. மூத்திரத்திலுள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுகிறது. ஈரம் தேங்கும் இடத்தில் அந்த வேலை ஓய்வதே இல்லை.

மண் தரையாக இருந்தால், முதலில் ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வற்றினால் நல்லது. களிமண்ணாக இருந்து நீர் அப்படியே நின்றால், துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை அடியில் பதித்து வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். பிறகு 4 அங்குலம் மண்ணை எடுத்துவிட்டு, 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வீதம், வீட்டுச் சுவருக்கு எதிர்த் திசையில் வாட்டம் கொடுக்க வேண்டும். இதைக் கண்மதிப்பில் விட்டுவிடாமல் நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரையானுக்கு மருந்து அடிக்கலாமா என்று வேலையாள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாய் தோண்டும், தோண்டியதை நக்கும்.

மண்ணின் மேல் நீர் இறங்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லியை இரண்டரை அங்குலமும், அதற்கு மேல் 6 மி.மீ. சிப்ஸை, அதாவது பொடி ஜல்லியை, ஓர் அங்குலமும் பரப்பித் திமிசு போட வேண்டும். துணிக்குப் பதில் தார்ப்பாய் விரித்தால் கூலி முழுவதும் வீண். 200 சதுர அடி முற்றத்துக்கு ஜல்லி ஏறக்குறைய அரை யூனிட் (50 கன அடி) பிடிக்கும். மேல் அடுக்குக்குக் கிரஷர் தூள் போட்டால் தளம் மேசைபோல் சமமாக வரும், கொத்தனாரும் அதைத்தான் விரும்புவார். ஆனால் அது இறுகியபின் மூத்திரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நாய் வீட்டுக்கு ஒவ்வாது. சிமென்ட் தளத்தை உடைக்க முடியாதவர்கள், நீர் ஓடுவதற்கு அடியில் இடைவெளி விடும் பிளாஸ்டிக் வடிகால் பாய்களைப் பரப்பி, அவற்றின்மேல் புல்லைப் பசையில்லாமல் விரித்தால் வேண்டும்போது தூக்கிக் கழுவலாம்.

புல்லின் உயரம் 25 முதல் 30 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் மலத்தை வாருவது பெரும்பாடு. மாதிரித் துண்டின் துளைகளுக்கு நடுவே ஒரு டம்ளர் நீரை ஊற்றி, அது எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்றும் கவனியுங்கள். ரோல் பெரும்பாலும் 2 மீட்டர் அகலத்தில் வருவதால் இணைப்பு தவிர்க்க முடியாதது. இரண்டு துண்டுகளிலும் நார் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வெட்டுவதைப் பின்புறத்திலிருந்து வெட்ட வேண்டும். இணைப்பு நாய் ஓடித் திரும்பும் தடத்தில் விழக்கூடாது.

ஓரத்தில்தான் நாய் தன் திறமையைக் காட்டும். சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ, நகம் நுழைய இடம் கிடைத்தால் ஒரே மதியத்தில் பாதி ரோலைப் பெயர்த்துவிடும். சுற்றிலும் அரை அடிக்கு ஒன்றாக 6 அங்குலத் துத்தநாகப் பூச்சு ஆணிகளை, ஜல்லியைக் கடந்து அடிமண்ணில் இறங்குமாறு அடித்து, நாரைக் கோதித் தலையை மறையுங்கள். குட்டி நாய் இருந்தால் பிய்ந்த நாரை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். விழுங்கினால் குடலை அடைக்கும்.

நாரிடையே தூவ ரப்பர் துகள் வேண்டாம், அது சூட்டைக் கூட்டும். இறால் பண்ணைக்காரர்கள் குளத்து அம்மோனியாவைக் கட்டுப்படுத்த வாங்கும் ஜியோலைட் என்னும் கனிமமே, பொடியாக அல்லாமல் குருணையாகக் கிடைத்தால், இதற்கும் உதவும்.

நாள்தோறும் ஹோஸால் நீர் பாய்ச்சுவதும், வாரம் ஒருமுறை நீர் கலந்த வினிகர் தெளித்துக் கழுவுவதும் போதும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் நச்சுவாயு கிளம்பும். கறுப்பு பினாயில் நாய்க்கும் ஆகாது, பூனைக்கு இன்னும் கேடு. செயற்கைப் புல் பதித்துவிட்டால் உண்ணி ஒழிந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். அது சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும்.

முற்றம் முழுவதையும் மூடாமல், ஒரு மூலையில் 4 அடிச் சதுரம் வெறும் மண்ணாகவே விடுங்கள். வேலை நடக்கும் நாட்களில் காலையிலும் மாலையிலும் நாயைக் கயிற்றில் பிடித்து அங்கேயே கொண்டுபோய் நிறுத்துங்கள். தன் வாடை படிந்த பழைய மண்ணில் நான்கு கைப்பிடியை அங்கே கொட்டிவைத்தால், பெரும்பாலான நாய்கள் அந்த மூலையைத் தேடிப் போகத் தொடங்கிவிடும்.