தோல்விகளிலிருந்து தொடங்குங்கள்: ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பருவத்தைப் படிக்கும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளின் ஆடவர் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் தொடக்கத்தில் முடிகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடிய ஓர் அணியைப் பற்றி இறுதியில் நினைவில் நிற்பது பெரும்பாலும் வெற்றி தோல்விக் கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக அணியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2018 மார்ச்சில் 31 வெற்றி, 2 தோல்வியுடன், தேசிய வாகையைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் 68 அணிகளில் முதலாவதாக நுழைந்த அந்த அணி, முதல் ஆட்டத்திலேயே, தரவரிசையின் கடைசி நிலையான 16ஆம் நிலையில் இருந்த யு.எம்.பி.சி. என்ற கல்லூரி அணியிடம் 54-74 என்று தோற்றது. அதற்கு முன் ஆடவர் போட்டியில் 16ஆம் நிலை அணிகள் முதல்நிலை அணிகளுடன் மோதிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. அடுத்த ஆண்டே, அதே பயிற்சியாளர் டோனி பென்னெட்டின் கீழ், வர்ஜீனியா 35-3 என்ற கணக்குடன் தேசிய வாகை சூடியது. இவ்விரு பருவங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் அணியின் பருவத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதலில் ஆட்ட அட்டவணையை எடுத்துக்கொண்டு, தோல்விகளை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். நல்ல அணியின் வெற்றிகள் பலவிதமாக அமையும். ஆனால் தோல்விகள் அடிக்கடி ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. வர்ஜீனியாவின் தற்காப்பு முறையில் பந்தை வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நான்கு வீரர்களும் வளையத்தை நோக்கி நெருங்கி நின்று உட்புறத்தை அடைத்துவிடுவார்கள். அதற்கு விலையாக, வெளிவட்டத்திலிருந்து, விழுந்தால் மூன்று புள்ளி தரும் எறிதலுக்கான வாய்ப்பு எதிரணிக்கு ஓரளவு கிடைக்கும். யு.எம்.பி.சி. ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலைத் திறந்தால், அந்த அணி மூன்று புள்ளி எறிதல்களில் 24க்கு 12ஐ வளையத்தில் இட்டதையும், வர்ஜீனியா 22க்கு 4ஐ மட்டுமே இட்டதையும் காணலாம். அந்த எறிதல்களால் வந்த வேறுபாடு 24 புள்ளிகள். ஆட்டத்தின் மொத்த வேறுபாடோ 20 புள்ளிகள்தான். 2019 பிப்ரவரியில் டியூக் பல்கலைக்கழகம் வர்ஜீனியாவை அதன் சொந்த அரங்கிலேயே 81-71 என்று வென்றபோதும் டியூக்கின் மூன்று புள்ளி எறிதல்களில் 21க்கு 13 விழுந்தன. இப்படி இரண்டு தோல்விகள் ஒத்துப்போனால், அந்த அணியை வீழ்த்தும் வழி எது என்பதற்கு ஒரு தொடக்கக் குறிப்பு கிடைத்துவிடும்.

அடுத்ததாக, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளிகள் என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒரு தாக்குதலுக்கு (பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணிக்குப் போகும் வரை) எத்தனை புள்ளிகள் என்று கணக்கிடுங்கள். இதுவே முறையின் மையம் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. தாக்குதல்களின் எண்ணிக்கையைத் தோராயமாக அறிய, எறிதல் முயற்சிகளிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தவறிய எறிதலுக்குப் பின் அதே அணி பந்தை மீண்டும் பிடித்த தடவைகளை) கழித்து, பந்தை இழந்த தடவைகளைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் விதிமீறலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் எறிதல்) முயற்சிகளை 0.475ஆல் பெருக்கி அதையும் சேர்க்க வேண்டும். ஓர் அணி 55 முறை எறிந்து, 10 தாக்குதல் ரீபவுண்டுகள் பெற்று, 10 முறை பந்தை இழந்து, 20 ஃப்ரீ த்ரோக்கள் எறிந்தது என்று வைத்துக்கொண்டால், தாக்குதல்கள் 64.5 ஆகின்றன, 71 புள்ளிகள் எடுத்திருந்தால் ஒரு தாக்குதலுக்கு ஏறத்தாழ 1.10 புள்ளி, அதாவது நல்ல தாக்குதல். வர்ஜீனியாவை மந்தமான அணி என்று பலர் ஏளனம் செய்ததற்குக் காரணம் அது நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணி என்பதுதான். ஆனால் தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டால் 2019ஆம் ஆண்டு அணி நாட்டின் மிகச் சிறந்த தாக்குதல் அணிகளில் ஒன்று. மெதுவான ஆட்டத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு: தாக்குதல்கள் குறையக் குறைய, வலிமையான அணி தன் மேன்மையை நிலைநாட்டக் கிடைக்கும் வாய்ப்புகளும் குறைந்து, ஒற்றை ஆட்டத்தில் தற்செயலின் பங்கு கூடுகிறது.

எதிரணியின் தரத்தையும் ஆட்டம் நடந்த இடத்தையும் பார்க்க, 2018-19 பருவத்திலிருந்து நடைமுறையில் உள்ள, என்.சி.ஏ.ஏ. அணிகளை வரிசைப்படுத்தும் நெட் (NET) தரவரிசை உதவும். அதன்படி முதல் தர ஆட்டம் என்பது சொந்த அரங்கில் 1 முதல் 30 வரையுள்ள அணியுடனும், இரு அணிகளுக்கும் சொந்தமல்லாத பொது அரங்கில் 50 வரையுள்ள அணியுடனும், எதிரணியின் அரங்கில் 75 வரையுள்ள அணியுடனும் ஆடுவது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் சிறிய கல்லூரிகளைச் சொந்த ஊருக்கு அழைத்துப் பெறும் பெரிய வெற்றிகளைத் தயங்காமல் தாண்டிச் செல்லலாம். வர்ஜீனியாவின் 2018 நவம்பர் ஆட்டங்களில், பஹாமாஸில் விஸ்கான்சினை 53-46 என்று வென்றதும், மேரிலாந்தின் அரங்குக்கே சென்று 76-71 என்று வென்றதுமே கவனிக்கத் தக்கவை.

வீரர் பட்டியலில் யார் இருந்தார், யார் இல்லை என்பதைத் தேதியுடன் சரிபார்ப்பதும் அவசியம். யு.எம்.பி.சி. ஆட்டத்தில் வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிவால் ஆடவில்லை. அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவரே 27 புள்ளிகள் எடுத்தார்.

மார்ச் மாத ஆட்டங்களைப் படிக்கும்போது முடிவையும் ஆட்டத்தின் தரத்தையும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். 2019 காலிறுதியில் வர்ஜீனியாவுக்கு எதிராகப் பர்டியூ அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் பத்து மூன்று புள்ளி எறிதல்களுடன் 42 புள்ளிகள் எடுத்தார். பழைய வாசல் மறுபடியும் திறந்திருந்தது. வர்ஜீனியாவின் தவறிய ஃப்ரீ த்ரோ ஒன்று பின்னால் தட்டிவிடப்பட்டு, அதன் வீரர் கிஹேய் கிளார்க் அதை ஓடிப்பிடித்து வீச, மமாடி டியாகிட்டே கடைசி நொடியில் சமன் செய்ததால்தான் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்று 80-75 என்று வர்ஜீனியா பக்கம் முடிந்தது. அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 0.6 நொடி மீதமிருக்கையில் கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63-62 என்று வென்று கொடுத்தார். இறுதியில் டெக்சாஸ் டெக்கை 85-77 என்று வென்றதும் கூடுதல் நேரத்தில்தான். இவற்றை மனவுறுதியின் சான்றுகளாகப் போற்றும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மிகச் சிறந்த அணி ஒன்றுக்குத் தற்செயலும் மூன்று முறை துணை நின்றது என்று எழுதுவதே நேர்மை.

கடைசியாக, அடுத்த பருவத்தை மதிப்பிட, வெளியேறும் வீரர்கள் எடுத்த புள்ளிகளையும் ஆடிய நிமிடங்களையும் கூட்டிப் பாருங்கள். ஹன்டர், டை ஜெரோம், கைல் கை மூவரும் 2019இல் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வுக்குச் சென்றபின், வர்ஜீனியாவின் தற்காப்பு பழையபடியே உறுதியாக நின்றது. ஆனால் ஆட்டத்துக்கு எழுபதைத் தாண்டியிருந்த புள்ளிச் சராசரி அறுபதுக்கும் கீழே இறங்கியது. அந்த அணி 23-7 என்று நின்றிருந்தபோது, 2020 மார்ச் 12 அன்று கொரோனா பரவலால் தேசியப் போட்டியே கைவிடப்பட்டது.