புது 9 எம்எம் கார்பைனோட மொத ரேஞ்ச் நாள்: என்ன பாக்கணும், எப்படி பாக்கணும்

ரூகர் பிசி கார்பைன் மாதிரி, பிஸ்டல் தோட்டா போடுற குட்டி ரைஃபிள் ஒண்ணு வாங்கிட்டு மொத தடவ ரேஞ்சுக்குப் போறீங்கன்னா, அன்னிக்கு வேலை துப்பாக்கி ஒழுங்கா ஓடுதான்னு பாக்குறது மட்டும்தான், குறி அசத்துறதெல்லாம் அப்புறம். அமெரிக்கால எச்1பி விசால இருக்கவங்க ஒண்ணு கவனிங்க, ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி விலக்கு இல்லாம துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்க ஃபெடரல் சட்டம் விடாது, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்தாலும் அதே கதைதான். க்ரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்ல.

கெளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே பேரலை தொடச்சு போல்ட்டுக்கு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடுற இரும்புத் துண்டு) லேசா ஆயில் போட்டுருங்க, ஃபேக்டரில தடவி அனுப்புறத நம்பாதீங்க. டேக்டவுன் மாடல்னா (ரெண்டா கழட்டி மாட்டுறது) பேரல் லாக் டைட்டா இருக்கான்னு கையால ஆட்டிப் பாருங்க, டாட் (குறி பாக்க புள்ளி காட்டுற சைட்) ரிசீவர் (போல்ட் இருக்கற நடு உடம்பு) மேல உக்காந்திருக்கு, பேரல் தனியா கழலுது, நடுவுல ஆட்டம் இருந்தா ஸீரோ (புள்ளி வெச்ச எடத்துலயே குண்டு படுற மாதிரி பண்ற செட்டிங்) எப்படி நிக்கும்?

தோட்டா 115 கிரெயின் (குண்டோட எடை அளவு), 124, 147 மூணுலயும் ஒவ்வொரு பெட்டி எடுத்துக்கோங்க, ஆனா கலந்து லோட் பண்ணாதீங்க. மேகசினுக்கு (தோட்டா ரொப்புற டப்பா) டேப் ஒட்டி நம்பர் போடுங்க. ஒரு மேகசின், ஒரு தோட்டான்னு ஓட்டினாத்தான் ஜாம் ஆகும்போது குத்தம் யாரோடதுன்னு தெரியும், இல்லன்னா சாயந்தரம் வரைக்கும் துப்பாக்கியத்தான் திட்டிட்டு இருப்பீங்க. மொதல்ல ரெண்டே ரெண்டு ரவுண்டு போடுங்க, சுட்டதும் அடுத்தது தானா ஏறுதா, கடைசி ரவுண்டுக்கப்புறம் போல்ட் பின்னாடி நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் மேகசினை ரொப்புங்க.

இதுல பெரும்பாலானது ப்ளோபேக், அதாவது போல்ட்டோட எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடி அழுத்தத்த தடுத்து நிறுத்துது, தனியா பூட்டு கிடையாது. அதனால 9 எம்எம் தானேன்னு நெனச்சா உதை கொஞ்சம் கூடவே இருக்கும், கரியும் நிறைய படியும், கண்ணுக்குப் போட்ட பாதுகாப்புக் கண்ணாடிய கழட்டவே கழட்டாதீங்க.

துப்பாக்கிய சாண்ட்பேக் மேல வெச்சு டாட்டை 25 யார்டுல ஸீரோ பண்ணுங்க. டாட்டோட திருகு 1 எம்ஓஏ (கோண அளவு, 100 யார்டுல சுமார் 1 இன்ச்) கிளிக்னா அந்த தூரத்துல ஒரு கிளிக்குக்கு கால் இன்ச்தான் நகரும், அதனால மூணு மூணா சுட்டு நடுப்புள்ளி பாத்து திருப்புங்க, ஒவ்வொரு ஓட்டைக்கும் திருப்பிட்டே இருந்தா எங்கயும் போய் சேர மாட்டீங்க. அப்புறம் 7 யார்டுல சுட்டா குண்டு டாட்டுக்கு கீழ விழும், பயப்படாதீங்க, டாட் பேரலுக்கு மேல இருக்கறதால அப்படி, ஏஆர் ரைஃபிள் மாதிரி டிசைன்னா அந்த உயரம் ரெண்டரை இன்ச் கிட்ட வரும். எவ்ளோ கீழன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, மேட்ச் ஆடினா உதவும்.

சத்தம் வழக்கத்த விட மொக்கையா 'புஸ்'னு கேட்டா அடுத்தது சுடவே சுடாதீங்க, குண்டு பேரலுக்குள்ளயே மாட்டியிருக்கலாம். மேகசினை எடுத்து சேம்பரை (பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற எடம்) காலி பண்ணிட்டு, பேரல் உள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. சுத்தமா வெடிக்கவே இல்லன்னா முனைய டார்கெட் பக்கமே வெச்சு 30 செகண்ட் காத்திருந்து அப்புறம் தோட்டாவ எடுங்க.

முடிச்சதும் சேம்பர் ஃப்ளாக் (சேம்பர் காலின்னு காட்டுற குட்டிக் கொடி) போட்டு பையில வைங்க. கையில லெட் (ஈயம்) ஒட்டியிருக்கும், சோப்பு போட்டு பச்சத் தண்ணில கை கழுவிட்டு அப்புறமா சாப்பிடப் போங்க.