பேத்திக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது

வீட்டில் பிள்ளைகளுக்கு இரும்பு வேலை பழக்க நினைக்கிறவர்கள் நேராகக் கடைக்குப் போய் டிரில்லிங் மெஷின் வாங்கிவிடுகிறார்கள். அது அப்புறம். முதலில் இரும்பைத் தேய்க்கும் ஓர் அரம், இரும்பறுக்கும் ரம்பமான ஒரு ஹேக்சா, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மூலைமட்டம், துண்டைக் கவ்விப் பிடிக்க மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய 4 அங்குல வைஸ். கோயம்புத்தூரில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐ.டி.ஐ.யில் எங்கள் கையில் முதலில் கொடுத்ததும் அரம்தான். இப்போது மகள் வயிற்றுப் பேத்திக்கு, 12 வயசுப் பிள்ளைக்கு, அதையேதான் கொடுத்திருக்கிறேன். இரும்பு எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதைக் கைக்குக் காட்டிக்கொடுப்பது அரம்.

செய்யும் பொருள் வீட்டுக்கு ஆகிறதாக இருக்க வேண்டும். சும்மா ஒரு துண்டைத் தேய் என்றால் எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடிவிடும். நாங்கள் எடுத்தது சாவி மாட்டும் பட்டை. 25 எம்.எம். அகலம், 5 எம்.எம். கனம் உள்ள இரும்புப் பட்டையில் (ஃபிளாட்) 150 எம்.எம். நீளம். இரண்டு ஓரத்தில் சுவரில் முடுக்க ஓட்டை, நடுவில் மூன்று எம்6 மரை, அதாவது 6 எம்.எம். போல்ட் ஏறும் மரை. அதில் போல்ட்டை ஏற்றிவிட்டால் சாவி தொங்கும்.

வைஸ் உயரத்தைப் பிள்ளைக்குத் தகுந்தபடி பாருங்கள். நேராக நின்று முஷ்டியைத் தாடைக்குக் கீழே வைத்தால், முழங்கை வைஸின் வாயைத் தொட வேண்டும். எட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஆடாத பலகை போடுங்கள். உயரம் சரியில்லாமல் பழகிய கையைத் திருத்துவது பெரும்பாடு. பிடி போடாத அரத்தைக் கொடுக்கவே கூடாது. வால் முனை கூராக இருக்கும், வழுக்கினால் உள்ளங்கையில் ஏறிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இரும்புத் தூளை ஊதக் கூடாது, கையால் தள்ளக் கூடாது. பக்கத்தில் ஒரு பிரஷ் இருக்கட்டும்.

அறுப்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளேடின் பல் முன்னோக்கி இருக்க வேண்டும். இந்தக் கனத்துக்கு அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு சரி. எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது சும்மா. பிளேடின் முழு நீளமும் ஓடட்டும். கோட்டிலிருந்து ஒரு எம்.எம். தள்ளியே அறுக்கச் சொல்லுங்கள், மிச்சம் அரத்துக்கு.

பொறுமை தேவைப்படுவது அரத்தால் ராவும்போதுதான். 8 அங்குல செகண்ட் கட் அரம், அதாவது நடுத்தரப் பல் உள்ளது, சின்னக் கைக்கு அடக்கமாக இருக்கும். வலது கை பிடியில், இடது கை நுனியில். தள்ள ஆரம்பிக்கும்போது இடது கையில் அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டு கையும் சமம், முடியும்போது வலது கையில் அதிகம். இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், கை கேட்காது. அரம் துலாக்கோல் மாதிரி ஆடி, இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நிற்கும். எல்லாருக்கும் அப்படித்தான் வரும். அப்போது திட்டாமல் மூலைமட்டத்தை வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கே பள்ளம், எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கே மேடு. "அப்புச்சி, இது போதுங்களா?" என்று அவள் கேட்டால், "மட்டத்தைக் கேளு கண்ணு" என்பேன். நல்லதா கெட்டதா என்று நாம் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்தே வேலை செய்யும். எவ்வளவு நேரமானாலும் அரத்தைப் பிடுங்கி நாம் ராவிக் காட்டக் கூடாது. காட்ட வேண்டுமென்றால் வேறு துண்டில் காட்டுங்கள். அவள் துண்டு அவளுடையது.

அரத்தின் பல்லில் தூள் அடைத்தால் மேலே கோடு விழும். சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அடைப்பது குறையும்.

கோடு கிழிக்க நாங்கள் அந்தக் காலத்தில் மயில்துத்தக் கரைசல் தடவுவோம். அது விஷம், வீட்டில் வேண்டாம். மார்க்கர் பேனாவால் கறுப்படித்து அதன் மேல் ஸ்கிரைபர் என்ற கூர் ஊசியால் கீறினால் பளிச்சென்று தெரியும். ஓட்டை வரும் இடத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியை வைத்து அடித்துச் சின்னக் குழி போட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை போடும் பிட் நழுவும்.

இப்போது டிரில்லிங் மெஷின். நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கையுறை கூடாது, சுற்றும் பிட் துணியைப் பிடித்துக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். முடியை முடிந்துகொள்ளட்டும், துப்பட்டாவைக் கழற்றி வைக்கட்டும். துண்டை மெஷின் வைஸில் இறுக்குங்கள், கையால் பிடிக்க விடாதீர்கள். முதலில் 3 எம்.எம். பிட், பிறகு 5. பிட் அடியில் வெளிவரும் நேரத்தில் சட்டென்று கவ்வும். அங்கே அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எம்6 மரைக்கு 5 எம்.எம். ஓட்டைதான் கணக்கு. மரை வெட்டும் டேப் என்ற கருவியை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். பின்னால் திருப்பும்போது இரும்புச் சுருள் உடையும் சின்னச் சத்தம் விரலுக்கே தெரியும். அதை அவள் தானாக உணரும்வரை அவசரப்படுத்த வேண்டாம். இறுகினால் பலம் போடக் கூடாது. ஓட்டைக்குள் டேப் உடைந்தால் எடுப்பது சிரமம்.

பிசிறை எடுத்து, மூலைகளை லேசாக உருட்டி, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துச் சுவரில் முடுக்கியாகிவிட்டது. அடுத்து, ஒரு தகட்டில் சதுரப் பள்ளம், இன்னொன்றில் அதில் உட்காரும் நாக்கு. அதற்கு 8 அங்குல சதுர அரம் ஒன்று வாங்க வேண்டும்.