பின்புறம் தாழ்ந்து மிதந்த படகைச் சரிசெய்த விதம்

பெரிய ஏரிகளில் காற்று எழுந்தால், அலைகள் உயரத்தைக் காட்டிலும் நெருக்கத்தால்தான் சிறு படகைத் திணறடிக்கும். ஆகவே உயர்ந்த பக்கச்சுவரும் முன்புறம் ஆழமான ‘வி’ வடிவமும் கொண்ட 18 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஆள் ஏறாதபோதே அதன் பின்புறம் தாழ்ந்து மிதந்தது. எஞ்சினின் எடைதான் காரணம் என்று பலர் கூறினாலும் எனக்கு அது பொருத்தமாகப்படவில்லை. தரைப்பலகையின் பின்பகுதியில் துளையிட்டு, படகு மூழ்காதிருக்க உள்ளே அடைத்திருந்த மிதவை நுரையைக் கிள்ளியெடுத்துப் பிழிந்தபோது, விரலிடுக்குகளில் பழுப்பு நீர் வழிந்தது.

பலகையை அறுத்தெடுத்து, ஊறிய நுரை முழுவதையும் வெட்டி அகற்றி, உட்புறம் நன்கு உலர்ந்த பின்னர், எளிதில் நீர் உறிஞ்சாத அடர்ந்த பாலிஸ்டைரீன் பாளங்களை, அடியில் நீர் வடிய வழிவிட்டுப் பொருத்தினேன். பெட்ரோல் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். எனவே எரிபொருள் டேங்கின் அருகில் அதை வைக்கவில்லை. பேட்டரியை முன்பக்கம் நகர்த்தியதும் படகு சமநிலைக்கு வந்தது.

வடிந்து சேரும் நீரை வெளியேற்றும் பம்பை, நீர் உயர்ந்ததும் தானாக இயக்கும் மிதவை சுவிட்சை, மெயின் சுவிட்ச் வழியாக அன்றி, ஃபியூஸுடன் நேரடியாகப் பேட்டரியில் இணைத்தேன். மெயினை அணைத்துவிட்டுப் போனாலும் பம்ப் தானாக இயங்க வேண்டும் அல்லவா? உயிர்காப்பு அங்கியும், ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறும் உடலில் இருந்தால்தான் பயன்படும். நங்கூரத்தை முன்முனையில் மட்டுமே கட்ட வேண்டும். பின்புறம் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும். கயிறு, நீரின் ஆழத்தைப்போல் ஏழு மடங்காவது இருக்கட்டும்.