கொல்லைப் பாட்டையா, கழனிப் பாட்டையா? சேற்றில் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு

வேலூர்ப் பக்கம் பெய்வது ஒரே மழைதான், ஆனால் சேறு இரண்டு விதம். மலையடிவாரக் கொல்லைகளில் செம்மண் சேறு. ஏரிக்குக் கீழே இருக்கிற கழனிகளில் களிச் சேறு. இரண்டையும் ஒரே மாதிரி ஓட்டிப் பார்க்கிறவர்தான் டிராக்டர் தேடி அலைவார். எந்தச் சேறு என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: இறங்கி நடங்கள்

பாட்டை மோசமாகத் தெரிகிற இடத்துக்கு முன்னாலேயே, கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். கையில் ஒரு குச்சியோடு, டயர் போகப் போகிற இரண்டு தடத்திலும் நடந்து பாருங்கள். குதிகாலை ஊன்றி அழுத்துங்கள். இரண்டு மூன்று அங்குலம் வழுக்கிக்கொண்டு போய்க் கீழே சரளை தட்டினால் செம்மண். கால் இறங்கிக்கொண்டே போய், இழுக்கும்போது செருப்பு உள்ளேயே நின்றுவிட்டால் களி.

இன்னும் சந்தேகமா? ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். பென்சில் கனத்துக்குத் திரியாக நீண்டு, வளைத்தாலும் உடையாவிட்டால் நல்ல களி. பொலபொலவென்று உதிர்ந்தால் பயம் குறைவு.

குச்சி அரை டயர் உயரத்துக்கு மேல் இறங்குகிற இடத்தில் சாதாரண காரை விடவே விடாதீர்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் சக்கரத்தின் நடுப்பாகம் வரைதான் கணக்கு. ஏரி உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற உள்பக்கம், இன்னும் மோசம். மேலே ஓடு காய்ந்து வெடித்திருக்கும், கீழே உளை அப்படியே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காப்புக்காடும் வேண்டாம். அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் வண்டியோடு நுழைவதே குற்றம். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு மல்லாட்டைக் கொல்லைப் பாட்டையில் பழகுவது உத்தமம்.

படி 2: டயர் காற்று

செம்மண் சேற்றில் காற்றைத் தொட வேண்டாம். டயர் மேல் வழுக்கலை அறுத்துக்கொண்டு கீழே இருக்கிற சரளையைப் பிடிக்க வேண்டும், அதற்கு வழக்கமான 30 - 33 பிஎஸ்ஐ சரி. களியில் அடித்தரையே கிடையாது, டயர் தட்டையாகப் பரந்து மிதந்துதான் போக வேண்டும். அதனால் 20 - 22 வரை இறக்கலாம். 18-க்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்ப ஏற்றுவதற்கு 12 வோல்ட் பம்பு கையில் இல்லையென்றால் இறக்கவே இறக்காதீர்கள்.

படி 3: வண்டிக்குள் வைத்திருக்க வேண்டியவை

மண்வெட்டி, காற்றளவுமானி, நான்கு கோணிப்பை, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில் ஒன்றரை அங்குலக் கனப் பலகை. வண்டி எடையைப் போல மூன்று மடங்காவது தாங்கும் பட்டைக்கயிறு, அதை மாட்ட இரண்டு ஷேக்கிள் (குறுக்கே ஆணி போட்டு மூடுகிற இரும்பு வளையம்). இழுவைக் கொக்கியைத் தேடி எடுத்து, வீட்டிலேயே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். சில கார்களில் அதன் மறை இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். சேற்றில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிப்பது சிரமம்.

படி 4: ஓட்டுவது

இரண்டாவது கியர். சேற்றில் இறங்குவதற்கு முன்பே போட்டுவிட்டு, அக்கரை ஏறும் வரை மாற்றாதீர்கள். கிளட்சை மிதித்த அந்த ஒரு நொடியில் ஓட்டம் செத்துவிடும். கிளட்சைப் பாதி மிதித்தபடி உறுமிக்கொண்டு போனால் கிளட்ச் தட்டுதான் கருகும். ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்காமல் ஒரே சீராக வையுங்கள். வேகம், ஆள் ஓடுகிற வேகம் போதும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சக்கரம் லேசாகச் சுழலும்போதே அது இன்ஜினை அமுக்கி வண்டியை நிறுத்திவிடும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

நான்கு சக்கர இழுவை இருக்கிற வண்டியென்றால், மாட்டிய பிறகு போடுவதில் பிரயோசனம் குறைவு. இறங்கும் முன்பே போடுங்கள். காய்ந்த தாரில் அதை எடுத்துவிடுங்கள்.

செம்மண் பாட்டை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். ஓரத்துக்குப் போனால் வண்டி பக்கவாட்டில் நழுவி வாய்க்காலில் போய் நிற்கும். ஆகவே நடுவிலேயே போங்கள். வண்டி நழுவினால், அது நழுவுகிற பக்கமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிரேக் வேண்டாம். இறக்கத்தில் முதல் கியர், காலைப் பிரேக்கில் வைக்காமல்.

கழனிப் பாட்டையில் தொல்லை வேறு. உழவுக்குப் போகிற டிராக்டர் ஓரடி ஆழத்துக்குத் தடம் போட்டிருக்கும். சிறிய கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து 160 - 170 மி.மீ.தான். தடத்துக்குள் இறங்கினால் நடு மேட்டில் வயிறு உட்கார்ந்துவிடும், சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றும். ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறுபக்கத்தைத் தடத்தின் வெளி விளிம்பிலும் வைத்துப் போங்கள்.

தடத்துக்குள்ளேயே போகும்படி ஆகிவிட்டால் ஒரு சூட்சுமம். சக்கரம் திரும்பியிருந்தாலும் தடத்தின் சுவர் அதை நேராகவே தள்ளிக்கொண்டு போகும், உங்களுக்குத் தெரியாது. தடம் ஆழம் குறைகிற இடத்தில் திடீரென்று வெளியே பாய்ந்து கழனிக்குள் இறக்கிவிடும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தால் பார்த்ததும் தெரியும். கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே மாட்டாதீர்கள். கல் இடித்தால் ஸ்டீயரிங் சுழன்று விரலை முறிக்கும்.

வேகம் குறைந்து நிற்கப்போகிறது என்று தோன்றினால், ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடம், கால் சுற்று வலம் என்று ஆட்டுங்கள். முன்சக்கர இழுவைக் கார்களில் டயரின் ஓரம் புது மண்ணைக் கடித்துப் பல நேரம் தப்பிக்கும்.

படி 5: மாட்டிக்கொண்டால்

சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையா, உடனே காலை எடுங்கள். இன்னும் பத்து நொடி முறுக்கினால் டயர் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். முதலில் ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே பின்னால் வரப் பாருங்கள். அந்த மண் ஏற்கெனவே அமுங்கியது. வரவில்லையென்றால் புகைக்குழாய் சேற்றில் புதைந்திருக்கிறதா என்று பார்த்து, புதைந்திருந்தால் இன்ஜினை அணையுங்கள். விஷப்புகை உள்ளே வரும்.

பிறகு மண்வெட்டி. டயருக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டுங்கள், வயிற்றடி மண்ணையும் இழுத்துவிடுங்கள். பலகை மேல் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, அடியில் செங்கல், தென்னை மட்டை, கோணிப்பை எது கிடைத்தாலும் திணியுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் தலையோ உடம்போ போகக் கூடாது.

டிராக்டர் வந்தால் கயிற்றை இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரில் கட்டினால் பம்பர்தான் வரும். கயிற்றின் நடுவில் ஈரக் கோணியைப் போட்டுவிடுங்கள், அறுந்தால் அதிகம் துள்ளாது. வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்று நீளத்துக்கு மேல் விலகி நிற்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவரிடம், “அண்ணா, கயிறு விறைச்ச பிறகு மெதுவா இழுங்க” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். வரப்பு உடைந்திருந்தால் மண்வெட்டி கையில்தானே இருக்கிறது, கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 6: தார் ரோட்டுக்கு வந்த பிறகு

காற்றை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், குறைந்த காற்றில் டயர் சூடேறி வெடிக்கும். மெதுவாகப் போய்க்கொண்டே நாலைந்து முறை பிரேக்கை மிதித்துக் காயவிடுங்கள். ரிம்மின் உட்பக்கத்தில் அப்பிய களியைக் குச்சியால் சுரண்டி எடுங்கள். அதை விட்டுவிட்டு வேகமெடுத்தால் ஸ்டீயரிங் உதறும். வீல் பேலன்ஸ் போய்விட்டதென்று நினைத்துக் கடையில் காசு கொடுக்கிறவர்கள் உண்டு. ஒரு குடம் தண்ணீர் போதும்.